குறுகுறுக்கும்போதே தொடங்க வேண்டிய மருந்து

கச்சான் காற்று எழும்பினால் திருகோணமலையில் உதடு வெடிக்காத ஆட்கள் குறைவு. வைகாசி தொடங்கி ஆவணி வரை காற்றில் ஈரம் இராது. கடலில் நிற்பவர்களுக்கு மேலேயும் வெயில், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் வேறு. நான் வேலை செய்யும் பாமசிக்கு அந்த மாதங்களில் ஒருவிதமான ஆட்கள் கூடுதலாக வருவார்கள். நேரே கவுண்டருக்கு வரமாட்டார்கள். பனடோல் வாங்குகிறவர், பிள்ளைக்குப் பால்மா வாங்குகிறவர் எல்லாரும் போகட்டும் என்று வாசலோரம் நிற்பார்கள்.

அப்படி நின்ற ஒருவர் கடைசியில் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்து வைத்தார். பற்பசையைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்குவது போல அடியிலிருந்து சுருட்டியிருந்தது. “தங்கச்சி, இதில இன்னொண்டு தாங்கோ.” கீழுதட்டு ஓரத்தில் சவ்வரிசி மணிகளை நெருக்கி வைத்தது போலக் கொப்புளங்கள், பாதி வெடித்து மஞ்சள் பொருக்காகியிருந்தன. நாலு நாளாகப் பூசுகிறாராம். டியூபுக்குள் மூன்று மருந்துகள் இருந்தன: ஒன்று ஸ்டெரொயிட், ஒன்று பக்டீரியாவுக்கு, ஒன்று பூஞ்சணத்துக்கு. அவருக்கு வந்திருந்ததோ ஹேர்பீஸ் என்கிற வைரஸ். பக்டீரியா மருந்தும் பூஞ்சண மருந்தும் அதைத் தொடவே தொடாது. ஸ்டெரொயிட் அதைவிட மோசம். சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி, மாறுகிறது என்று நம்ப வைத்து, தோலின் எதிர்ப்பைத் தளர்த்தி வைரசுக்கு இடம் கொடுத்துவிடும்.

காசும் போய் நாலு நாளும் போயிற்று. இந்த வருத்தத்தில் காசைவிட அந்த நாலு நாள்தான் பெரிய நட்டம். ஏன் என்று விளங்க, ஹேர்பீஸ் உடம்புக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹேர்பீஸ் என்றதும் நம்மவர்களின் குரல் தானாகத் தணிந்துவிடும். உண்மையில் அது ஒரு குடும்பப் பெயர். உதட்டில் வருவது பெரும்பாலும் ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதலாம் வகை. பிறப்புறுப்பில் வருவது கூடுதலாக இரண்டாம் வகை. முதலாம் வகையும் அங்கே வரும். கொப்பளிப்பான் தருகிற வைரசும் இதே குடும்பம்தான். அது வயது போன காலத்தில் அக்கியாகத் திரும்பி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 64 வீதமானோரிடம், அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம், முதலாம் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையானவர்களில் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருக்கிறது. முதலாம் வகையை அநேகம் பேர் சின்ன வயதில், வீட்டில் யாரோ கொஞ்சும்போது வாங்கிக்கொள்கிறார்கள். வைரசைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. உலகில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கும் ஒன்றுக்காக ஒருவர் என் கவுண்டருக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தோலில் புகுந்த வைரஸ் நரம்பு வழியாக ஏறி, நரம்பு முடிச்சு ஒன்றில் குடியேறிவிடும். உதட்டில் பிடித்தது முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில், கீழே பிடித்தது முள்ளந்தண்டின் அடியில். அங்கே அது தூங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், நித்திரை முழிப்பு, மாதவிடாய், மனக்கவலை என்று ஏதாவது ஒன்று உடம்பைத் தளர்த்தும்போது விழித்துக்கொண்டு அதே நரம்பு வழியாக இறங்கும். இறங்கும்போது, கொப்புளம் தெரிய முன்னரே அந்த இடம் குறுகுறுக்கும். எரியும், ஊசி குத்தும். கீழே வருகிறவர்களில் சிலருக்குத் தொடையிலோ பிட்டத்திலோ மின்னுவது போல ஒரு நோ வரும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இந்தக் குறுகுறுப்பு நன்றாகப் பழகிப்போயிருக்கும். “நாளைக்குக் கிளம்பப் போகுது” என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு இருக்கிற முதன்மையான மருந்து அசைக்ளோவிர். 1970களில் அமெரிக்காவின் பறோஸ் வெல்கம் ஆய்வுகூடத்தில் உருவானது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண். கலாநிதிப் பட்டம் படித்து முடிக்க வாய்க்காதவர். 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இன்னும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். மருந்து வேலை செய்யும் விதம் அவ்வளவு அழகு. பத்திரகாளி அம்மன் கோயிலடியில் மாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூவின் காம்பில் முடிச்சு விழுந்தால்தான் அடுத்த பூவை வைக்கலாம். வைரஸ் பெருகும்போது தன் மரபுச் சரத்தை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போகிறது. அசைக்ளோவிர் அச்சொட்டாக அதே பூப் போல இருக்கும், காம்பு மட்டும் இராது. அது ஏறிய இடத்தில் அடுத்த முடிச்சு விழாது, மாலை அங்கேயே நின்றுவிடும். அதிலும், வைரசின் சொந்த நொதியம் தட்டிவிட்டால்தான் இது மருந்தாகவே மாறும். வைரஸ் இல்லாத கலங்களை இது பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் போய்விடும். இத்தனை வருடம் இத்தனை பேர் குடித்தும் பக்கவிளைவு குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாலை கட்டாத நேரத்தில் இந்தக் காம்பில்லாப் பூவுக்கு வேலை இல்லை. நரம்பு முடிச்சில் தூங்கும் வைரசை அதனால் தொட முடியாது. ஹேர்பீசை அடியோடு மாற்றும் மருந்து இன்றுவரை இல்லாததும் அதனால்தான். “ஒரே மாதத்தில் வேரோடு எடுத்துத் தருகிறோம்” என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பவேண்டாம். அப்புறம், சரம் மும்முரமாகக் கட்டப்படுவது முதல் ஓரிரு நாளில்தான். பொருக்குத் தட்டிய பிறகு குளிசை தொடங்கினால், மாலை கட்டி முடிந்திருக்கும்.

பிறப்புறுப்பில் முதல் தடவை வருவதுதான் கடுமையாக இருக்கும். காய்ச்சல், அரையில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்க உயிர் போகிற எரிவு எல்லாம் சேர்ந்து வரலாம். மருந்தில்லாமல் விட்டால் இரண்டு முதல் நாலு வாரம் இழுக்கும். இதற்கு வைத்தியர்கள் வழக்கமாக எழுதுவது அசைக்ளோவிர் 400 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று தரம், 7 முதல் 10 நாள். சிலர் 200 மி.கி. ஐந்து தரம் என்று எழுதுவார்கள். அது பழைய முறை, பயன் ஒன்றுதான். பிறப்புறுப்பில் திரும்ப வருவதற்கு 400 மி.கி. மூன்று தரம் ஐந்து நாள், அல்லது 800 மி.கி. மூன்று தரம் இரண்டே நாள். இங்கேதான் நேரக் கணக்கு. குறுகுறுப்புத் தொடங்கிய அன்றே போட்டால் கொப்புளம் வராமலே அடங்கினாலும் அடங்கும். வந்தாலும் சில நாள் குறையும். ஈச்சிலம்பற்றில் இருப்பவர் குறுகுறுத்த பிறகு பஸ் பிடித்து, டொக்டரைக் கண்டு, துண்டு எழுதுவித்து, மருந்து வாங்கிப் போய்ச் சேருவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். ஆகவே அடிக்கடி வருகிறவர்கள், வருத்தம் இல்லாத நேரத்திலேயே வைத்தியரிடம் சொல்லி, அடுத்த தடவைக்கான குளிசையை முற்கூட்டியே எழுதுவித்து வீட்டில் வைத்திருப்பது நல்லது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

வலாசைக்ளோவிர் என்பது உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுகிற குளிசை. அசைக்ளோவிரில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறும். வலாசைக்ளோவிரில் பாதிக்கு மேல் ஏறிவிடும். அதனால் தடவை குறைவு. உதட்டுப் புண்ணுக்கு 2 கிராம், 12 மணித்தியாலம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான். விலை கூட. ஃபாம்சைக்ளோவிரும் அதே வேலையைத்தான் செய்யும். காசு கையைக் கடிக்கிறவர்கள் அசைக்ளோவிரையே நேரம் தவறாமல் குடித்தால் குறை ஒன்றும் இல்லை.

சரி, களிம்பு? எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அசைக்ளோவிர் 5 வீதக் களிம்பை உதட்டில் ஒரு நாளைக்கு ஐந்து தரம் பூசினால் அரை நாள், கூடினால் ஒரு நாள் முந்தி மாறும். பிறப்புறுப்புப் புண்ணுக்கு அதை நம்பியிருப்பதில் பயன் இல்லை, அங்கே குளிசைதான். நியூசிலாந்தில் மருந்துக்கடைகள் ஊடாக 900க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, அந்த நாட்டுக் கானுக்கா மரத் தேனில் செய்த பூச்சையும் அசைக்ளோவிர் களிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிலர் இதைத் தேனின் வெற்றி என்கிறார்கள். எனக்கு அது களிம்பின் கையாலாகாத்தனமாகத்தான் தெரிகிறது. லைசின் குளிசையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

நோவைத் தணிக்க வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புக் கரைத்து, பேசினில் பத்து நிமிடம் இருந்தெழும்பினால் கீழே எரிவு குறையும். சலம் போகும்போது எரிகிறவர்கள் அந்தத் தண்ணீருக்குள் இருந்தபடியே போகலாம், அல்லது போத்தலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகலாம். லிக்னொகேன் ஜெல் மரக்கப் பண்ணும். வஸ்லின் பூசினால் துணி ஒட்டாது. இறுக்கமான ஜீன்சை விட்டு நாலு நாளைக்குச் சாரம் கட்டலாம், தளர்ந்த பருத்திப் பாவாடை உடுக்கலாம். நோவுக்குப் பனடோல் போதும். சலமே போகாமல் அடைத்துக்கொண்டால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தேசிக்காய், பற்பசை, எரிகிற தைலங்கள் ஒன்றும் வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்த்தால் மாறும் என்று போய் வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இளஞ்சூடு அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், வைரசை அது ஒன்றும் செய்யாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, உதட்டுக்கு வெயில் தடுப்புள்ள பாம் பூசுங்கள், தொப்பியின் முன் விளிம்பு அகலமாக இருக்கட்டும் என்பதுதான். உதட்டுப் புண்ணை எழுப்பி விடுவதில் வெயிலுக்குப் பெரிய பங்குண்டு.

வருடத்தில் ஆறு தடவை, எட்டுத் தடவை என்று வந்து வாழ்க்கையே சலித்துப் போனவர்களுக்குத் தினமும் குடிக்கிற முறை இருக்கிறது: அசைக்ளோவிர் 400 மி.கி. காலை, மாலை. வருகிற தடவைகளை இது 70 முதல் 80 வீதம் வரை குறைக்கும். ஒரு வருடம் குடித்து, நிறுத்திப் பார்த்து, தேவையென்றால் தொடரலாம். துணைக்குத் தொற்றுவதும் குறையும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 தம்பதிகளைப் பார்த்தார்கள். தொற்றியவர் தினமும் வலாசைக்ளோவிர் 500 மி.கி. குடித்தபோது, மற்றவருக்குத் தொற்றுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆணுறையும் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. புண் இருக்கும் நாட்களிலும் குறுகுறுக்கும் நாட்களிலும் உறவைத் தவிர்க்க வேண்டும். புண் இல்லாத நாளிலும் தொற்றலாம் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆறுதலான செய்தியும் உண்டு. இரண்டாம் வகை முதல் வருடத்தில் சராசரியாக நாலு தடவை போல வரும். பிறகு வருடம் போகப் போகக் குறைந்துகொண்டு போகும். முதலாம் வகை கீழே வந்தால் அதைவிடக் குறைவாகத்தான் திரும்பும்.

இனி அக்கி. இதை நான் வீட்டிலேயே கண்டேன். உப்புவெளியில் அம்மாவுக்கு ஒரு நாள் விலாவில், ஒரு பக்கம் மட்டும் எரிந்திருக்கிறது. பூச்சி ஏதோ ஊர்ந்துவிட்டது என்று நினைத்தா. மூன்றாம் நாள் கொப்புளம் பட்டியாகப் போட்டதும், அம்மாள் வருத்தம் மாதிரி இருக்கிறது, மருந்தெடுக்கக் கூடாது என்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டா. அக்கிக்கான குளிசையைக் கொப்புளம் போட்ட நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள். அல்லது வலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று தரம். பிறப்புறுப்புப் புண்ணுக்குக் குடிக்கிற அசைக்ளோவிரைவிட எவ்வளவு கூட என்று பாருங்கள். அம்மா எனக்குச் சொன்னபோது கொப்புளம் போட்டு ஐந்து நாளாகியிருந்தது. புண் மூன்று வாரத்தில் காய்ந்தது. நோ எட்டு மாதம் நின்றது. சட்டைத் துணி பட்டாலே துடித்துப்போவா. அந்த இடத்தில் தலையணையை முட்டவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி நித்திரை கொள்வா. புண் மாறியும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற இந்த நோவுக்குப் பனடோல் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபபென்டின், பிரிகபலின் போன்ற நரம்பு நோ மருந்துகள்தான் உதவும். அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்கும் கொடுப்பதால், “எனக்கென்ன மூளைக் கோளாறா?” என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நரம்பு நோவுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் குயவர் வீட்டில் காவி மண் குழைத்து அக்கி எழுதுகிற வழக்கம் இருக்கிறது. குளிர்ச்சிக்குப் பூசுவதில் எனக்குப் பகை இல்லை. குளிசை தொடங்கிவிட்டுப் பூசுங்கள் என்பேன், அதுவும் வெடிக்காத தோலில். அக்கி நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்குப் போகலாம். அன்றே கண் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சிம்ப்ளெக்சும் கண்ணின் கருவிழியைத் தாக்கும். அப்படிச் சிவந்த கண்ணுக்கு வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஸ்டெரொயிட் சொட்டு மருந்தை விட்டுப் பார்வையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலுடன் ஆள் பிதற்றினாலோ வலிப்பு வந்தாலோ வைரஸ் மூளையைத் தொட்டிருக்கலாம். அது நேரே ஆஸ்பத்திரி, நாளத்தில் ஏற்றுகிற அசைக்ளோவிர்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். தண்ணீர் குடிக்காமல் கூடிய அளவில் குடித்தால் அங்கே பளிங்காகப் படியும். பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வருத்துகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுத்தவர்கள் டவுனிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் எழுத வேண்டும். குறைக்காவிட்டால் வயோதிபர்கள் தடுமாறி, ஆள் இடம் தெரியாமல் கதைக்கத் தொடங்குவார்கள். கிட்னி கிளினிக் கொப்பி இருந்தால் துண்டு எழுதுகிற டொக்டரிடமும் எங்களிடமும் காட்டுங்கள். குளிசை குடிக்கிற நாட்களில் தண்ணீரை நிறையக் குடியுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக் குடிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு: முன்பு ஒரு தடவையாவது கீழே புண் வந்திருந்தால் மிட்வைஃபிடமோ கிளினிக் டொக்டரிடமோ சொல்லிவிடுங்கள். பழைய தொற்றால் பிள்ளைக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாகத் தொற்றுவதுதான் பயங்கரம். 36ஆவது வாரத்திலிருந்து குளிசை கொடுப்பார்கள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுப்பார்கள். உதட்டில் புண் உள்ளவர் யாராக இருந்தாலும், பாட்டியாக இருந்தாலும், பச்சைக் குழந்தையைக் கொஞ்சக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைத் தொல்லைப்படுத்துவது வேறு. கட்டாரிலோ சவூதியிலோ இருந்து கணவர் லீவில் வந்து போன மாதத்தில் மனைவிக்கு முதல் புண் வரும். அல்லது வந்த இடத்தில் அவருக்கு வரும். அந்த வீட்டில் அடுத்து நடப்பது மருத்துவம் இல்லை, விசாரணை. யார் யாரிடம் போனது, எப்ப போனது? இந்தக் கேள்விக்கு வைரஸ் பதில் வைத்திராது. தொற்றி மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் முதல் புண் வரலாம். கலியாணத்துக்கு முந்தியதாக இருக்கலாம். உதட்டில் முதலாம் வகை இருந்தவரின் வாயிலிருந்து கீழே தொற்றியதாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று காசைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை எப்போது தொற்றியது என்று சொல்லாது, யார் தந்தது என்றும் சொல்லாது. முதலாம் வகை என்று வந்தால் அது உதட்டிலா கீழா என்றும் சொல்லாது. இல்லாததை இருக்கிறது என்று காட்டுவதும் உண்டு. அந்த ஒரு தாளை வைத்துக் குடும்பத்தைப் பிரிப்பது அநியாயம்.

சரியாகத் தெரிய வேண்டுமென்றால் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்ப்பதே வழி. அதற்குக் கொப்புளம் புதிதாக இருக்க வேண்டும். காய்ந்த பிறகு அநேகமாக ஒன்றும் அகப்படாது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையோடு பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நடப்பது. காசு இல்லை, விபரம் வெளியே போகாது. அந்த நிலையங்களில் நாடு முழுக்கக் கூடுதலாகக் காண்கிற வருத்தங்களில் பிறப்புறுப்பு ஹேர்பீசும் ஒன்று. உங்களைப் பார்த்து அங்கே ஒருவரும் திகைக்கப் போவதில்லை. இரண்டாம் வகை இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மூன்று மடங்கு போலக் கூடுவதால், அதற்கும் சிபிலிசுக்கும் சேர்த்து இரத்தம் பார்ப்பார்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்காரர்கள் உடனே வர முடியாவிட்டால் தங்கள் தள வைத்தியசாலையில் முதலில் காட்டிக் குளிசையைத் தொடங்கிவிடலாம். போகும்போது புண்ணில் எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். குறுகுறுப்பு எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே கேட்கிற முதல் கேள்விகளில் அது ஒன்று. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளையே நீட்டலாம். எங்கள் கவுண்டரிலும் அப்படித்தான் பலர் நீட்டுகிறார்கள். வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.